மழை தாங்கும் இரை

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்றின் முதல் இரண்டு மூன்று பாட்டம் மழை விழுந்ததும் மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில் தோட்டக்காரரின் விடியற்காலை மாறிவிடுகிறது. பின்னேரம் இரண்டிலை விட்டு நின்ற வெண்டிக் கன்று காலையில் வெறும் தண்டாக நிற்கும். பப்பாசி நாற்றில் குருத்து இருக்காது. மண்ணிலும் மதிலிலும் கிணற்றுக்கட்டிலும் காய்ந்து மினுங்கும் கோடுகள் ஓடியிருக்கும். நத்தை கிளம்பிவிட்டது.

அன்று பகலே கடைக்குப் போய் நத்தை மருந்து வாங்கி வருவார்கள். சாயமிட்ட சின்னஞ்சிறு குருணைகள். பொழுதுபடும் நேரத்தில் பாத்தியோரம் தூவுவார்கள். இரவு மறுபடி மழை. விடிந்து பார்த்தால் குருணை ஊறி, உப்பி, கூழாகிக் கிடக்கும். சில நத்தைகள் செத்திருக்கும்; பல நத்தைகளைக் காணவே முடியாது. மருந்தில் கலப்படம் என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் மேலும் ஒரு பைக்கற் வாங்கித் தூவுவார்.

இந்த அத்தியாயம் அந்தக் குருணையைப் பற்றியது. நத்தையை வெளியே அழைக்கும் மழைதான் நத்தைக்கு வைத்த இரையையும் கரைக்கிறது. காய்ந்த நாளில் இரை நன்றாக இருக்கும், தின்ன நத்தை வராது. நத்தை வரும் நாளில் இரை நிலைக்காது. இந்தச் சிக்கலுக்கு விடை தேடித்தான் இரை செய்பவர்கள் தவிட்டோடும் மாவோடும் கனிம எண்ணெயையும் மெழுகையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை வாவியோரத்து மணலில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே தோட்டத்தில் இடுவது எதுவும் தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை.

முதலில் எதிராளியை அறிந்துகொள்வோம். தோட்டத்தை அழிக்கும் பெரிய நத்தை நம் மண்ணுக்கு உரியதல்ல. கிழக்கு ஆபிரிக்காவின் கரையோரம் அதன் தாயகம். லிசாகாட்டினா ஃபுலிக்கா என்பது அதன் அறிவியல் பெயர். நாம் ஆபிரிக்க நத்தை என்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மொரீசியசுக்கும் ரியூனியனுக்கும் வந்து சேர்ந்தது. நெஞ்சு நோய்க்கு நத்தை ரசம் நல்லது என்ற நம்பிக்கையில் ஓர் ஆளுநர் தம் வீட்டுப் பெண்ணுக்காகக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. உறுதியாகத் தெரிவது அதற்கடுத்த பயணம்: 1847இல் வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் மொரீசியசிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டுப் பெருகின. 1900 அளவில் நத்தை இலங்கையிலும் இருந்தது. 1910 வாக்கில், இலங்கை அரசின் பூச்சியியலாளராக இருந்த ஏர்னஸ்ட் கிரீன் அதன் பெருக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார். அதாவது ஒரு பத்தாண்டில் விநோதப் பிராணி பீடையாகிவிட்டது. இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

அது இப்படிப் பெருகுவதற்கான காரணத்தை அதன் உடலிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு நத்தையிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஒருமுறை இணைந்தால் பெற்ற விந்தணுவை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைத்துப் பலமுறை முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு முதல் சில நூறு முட்டைகள். மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில், குருணையரிசியைவிடப் பெரிய வெள்ளை மணிகளாக. ஒன்றிரண்டு கிழமையில் குஞ்சு வரும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அதுவும் முட்டையிடத் தயார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகளை அது தின்னும் என்று பதிவுகள் உள்ளன. நம் தோட்டத்தில் வளரும் பப்பாசி, வாழை, கோவா, கீரை, வெண்டி, கத்தரி, களுதாவளைக்குப் பேர் தந்த வெற்றிலைக் கொடி, எதுவும் அதற்கு விலக்கில்லை.

அதன் பலவீனமும் உடலிலேயே இருக்கிறது. நத்தை தன் வழியைத் தானே போட்டுக்கொண்டு நகர்கிறது. சளியைச் சுரந்து, அதன்மேல் ஊர்ந்து, அதை விட்டுவிட்டுப் போகிறது. 1980இல் மார்க் டென்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓடில்லாத நத்தை ஒன்றை வைத்து இதன் செலவை அளந்தார். அதே எடையுள்ள பாலூட்டியோ ஊர்வனவோ ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றலைப் போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு இந்த ஊர்தலுக்குத் தேவைப்பட்டது. செலவில் பெரும்பகுதி சளிக்குத்தான். சளியில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே நத்தையின் வாழ்க்கை முழுவதும் தண்ணீர்க் கணக்கு. ஈரம் இருந்தால் வெளியே வரும். காய்ந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயில் ஒரு மெல்லிய மூடியை இட்டு அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

மட்டக்களப்பின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டிவிடும். எஞ்சிய மாதங்கள் பெரும்பாலும் வறட்சி. ஆண்டு முழுவதும் தூறும் மலைநாட்டில் நத்தை எப்போதும் சிறிது சிறிதாக நடமாடும். இங்கே கோடை முழுதும் ஒளிந்திருந்துவிட்டு முதல் மழைக்கு ஒரே நேரத்தில் எல்லாம் எழுகின்றன. பசியோடு எழுகின்றன. அதே நாட்களில்தான் மாரித் தோட்டத்துக்கு விதை போட்டுக் கன்று நட்டிருப்போம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்பு தேவை. அதற்காக அது சுவர்ப் பூச்சைச் சுரண்டும். எலும்பையும் பழைய ஓட்டையும் தின்னும். எழுவான்கரை மணலில் சிப்பித் துண்டும் சங்குத் துண்டும் கலந்து கிடக்கின்றன. வீட்டைச் சுற்றிச் சீமெந்துக் கல் மதில்கள். தேவையானதெல்லாம் காலடியில் இருக்கும்போது ஓடு தடிக்கிறது, உடல் பருக்கிறது.

இனி நஞ்சு. உலகம் முழுவதும் நத்தைக்கு மிகுதியாகப் பயன்பட்டது மெட்டல்டிஹைட். இது நத்தையைக் கொல்லும் என்பது ஆய்வுகூடத்தில் தேடிக் கண்டுபிடித்ததல்ல. 1930களில் முகாம் அடுப்புக்கு எரிபொருளாக 'மெட்டா' என்ற வெள்ளை வில்லைகள் விற்கப்பட்டன. தென்னாபிரிக்காவிலும் தென் பிரான்சிலும் அந்த வில்லை சிந்திய இடங்களில் நத்தைகள் செத்துக் கிடப்பதை மக்கள் கண்டார்கள். செய்தி தோட்டக்கலை இதழ்களுக்குப் போனது. சில ஆண்டுகளில் தவிட்டோடு கலந்த இரை சந்தைக்கு வந்துவிட்டது.

அது வேலை செய்யும் விதம்தான் நமக்கு முக்கியம். மெட்டல்டிஹைட்டைத் தின்ற நத்தையின் சளிச் சுரப்பிகள் கட்டுக்கடங்காமல் சுரந்து, வெடித்துச் சிதைகின்றன. நத்தை இருந்த இடத்திலேயே நீரை இழந்து முடங்குகிறது. காய்ந்த காற்றும் வெயிலும் இருந்தால் மிச்சத்தை அவை முடித்துவிடும். ஆனால் அன்றிரவே மழை பெய்தால், நஞ்சைக் குறைவாகத் தின்ற நத்தை தோல் வழியாக நீரை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விடும். ஆக, மாரி மழை இந்த மருந்தை இரண்டு முறை தோற்கடிக்கிறது: நத்தை தின்பதற்கு முன் குருணையைக் கரைக்கிறது, தின்ற பின் நத்தையை மீட்கிறது. இரண்டாவது தோல்விக்கு எண்ணெயால் ஒன்றும் செய்ய முடியாது. முதலாவதற்குச் செய்ய முடியும்.

குருணையின் உடல் பெரும்பாலும் கோதுமை மாவு, தவிடு போன்ற தானியப் பொருள். தவிட்டுத் துகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைய உண்டு. தண்ணீர் பட்டதும் அவை அதை உள்ளே இழுக்கின்றன. மாப்பொருள் உப்பி, துகளுக்கும் துகளுக்கும் இடையிலான பிடி விடுபடுகிறது. பிறகு பூசணம். எண்ணெய் அந்த நுண்குழாய்களின் சுவரில் படிந்தால் நீர் அவற்றில் ஒட்டாது. தாமரையிலையில் துளி உருள்வதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: நீர் தன்னோடு ஒட்டாத பரப்பில் பரவாது, பரவாத நீர் உள்ளே ஏறாது. இதனால் இரைக்குள் நீர் புகுவது நின்றுவிடாது, தாமதமாகும். அந்தத் தாமதமே போதும். நத்தை இரவில் சில மணி நேரம்தான் மேய்கிறது. இரை ஓர் இரவு கூடுதலாக உருக்குலையாமல் நின்றால் ஒரு மேய்ச்சல் கூடுதலாகக் கிடைக்கும்.

தேங்காயெண்ணெய் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும்போது கனிம எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தாவர எண்ணெய் உணவு. எறும்பு வரும், எலி வரும், கோழி வரும். பூசணமும் பக்டீரியாவும் அதைத் தின்னும். காற்றுப் பட்டு நாளடைவில் சிக்கு வாடை ஏறும். அந்த வாடை இரையின் மணத்தை மறைத்துவிடும். கனிம எண்ணெய் பெற்றோலியத்திலிருந்து பிரித்து, மணமும் நிறமும் போகும்வரை சுத்திகரித்த ஐதரோகாபன் கலவை. ஒட்சிசன் எளிதில் தாக்கக்கூடிய இரட்டைப் பிணைப்புகள் அதில் இல்லாததால் சிக்கு அடிப்பதில்லை. கால்நடைத் தீனியில் தூசு பறக்காமலிருக்கவும் இந்த எண்ணெயைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. சுத்திகரித்த வெள்ளை எண்ணெயை மருந்துக் கடைகளில் மலமிளக்கியாக விற்கிறார்கள். 'லிக்குயிட் பரஃபின்' என்றால் தெரியும்.

எண்ணெய் கூடினால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. நத்தை மணத்தைக் கொண்டுதான் உணவைத் தேடுகிறது. அதன் மேல் உணர்கொம்புகளின் நுனியில் கண் இருப்பது பலருக்குத் தெரியும். மோப்பம் பிடிக்கும் உணர் கலங்களும் அந்த நுனியிலேயே இருக்கின்றன. பழம், புளித்த மா, ஈஸ்ட் ஆகியவற்றின் மணப்பொருள்கள் பல எண்ணெயில் கரையும். கரைந்தவை மெதுவாகவே வெளியேறும். எண்ணெய் அளவாக இருந்தால் மணம் பல இரவுகளுக்கு நீடிக்கும். அதிகமானால் முதலிரவிலேயே மணம் குறைந்து நத்தை வராமல் போகும். வந்தாலும், அரம்போன்ற நாக்கால் ராவித் தின்னும் அந்த உயிருக்கு எண்ணெய் வழுக்கும் பரப்பு பிடிக்காது. தவிட்டைப் பிசைந்து கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் எண்ணெய் வழியக் கூடாது. அளவு அவ்வளவுதான்.

இதை யார் வேண்டுமானாலும் நஞ்சில்லாமலே சோதித்துப் பார்க்கலாம். அரிசித்தவிடும் கொஞ்சம் பிசைந்த பப்பாசியும் சேர்த்து உருண்டைகள் செய்யுங்கள். பாதிக்கு எண்ணெய் சேருங்கள், மீதிக்கு வேண்டாம். மாரியிரவில் பாத்தியோரம் இரண்டு வரிசையாக வைத்து, டோர்ச் எடுத்துப் போய் எதில் நத்தை ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். காலையில் எது உருக்குலையாமல் நிற்கிறது என்று பாருங்கள். நஞ்சு சேர்ப்பதற்கு முன் இரை இரையாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் செலவற்ற வழி இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு மாரிக்கு முறையாகச் செய்தால் அந்த ஊருக்கு உதவும் தரவு கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எண்ணெயே நத்தையைக் கொல்லாதா? மாமரத்திலும் எலுமிச்சையிலும் செதில்பூச்சிக்கு வெள்ளை எண்ணெய் தெளிப்பதைப் பார்த்தவர்கள் அப்படி நினைப்பது இயல்பு. பூச்சி உடலின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகளால் மூச்சுவிடுகிறது. எண்ணெய்ப் படலம் அவற்றை அடைத்துவிடும். நத்தைக்கு ஒரே ஒரு மூச்சுத்துளை. அதைத் திறக்கவும் மூடவும் அதனால் முடியும். உடல் முழுதும் சளி. ஒட்டிய எதையும் சளியோடு கழற்றிவிடும். இரையில் எண்ணெயின் வேலை நத்தையைக் கொல்வதல்ல, இரையைக் காப்பது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கனிம எண்ணெய் என்றால் வாகனத்திலிருந்து வடித்த பழைய ஒயில் அல்ல, மண்ணெண்ணெயும் அல்ல, டீசலும் அல்ல. எஞ்சினில் ஓடித் தேய்ந்த ஒயிலில் உலோகத் துகள்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஐதரோகாபன்களும் சேர்ந்திருக்கும். எழுவான்கரை மணலில் அதை ஊற்றினால் அது கிணற்றுக்குப் போகும் வழி சில அடி தூரம்தான்.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரை, ஒடுங்கிய மணல் நிலம். வாவிக்கு மேற்கே படுவான்கரை, வயலும் குளமும். மாரியில் படுவான்கரை வயல்களின் மிகைநீர் வாவிக்கு வரும். வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டிக் கடலுக்குப் போகும். மணலுக்கடியில் சில அடியிலேயே நன்னீர். தோட்டம், கிணறு, வாவி மூன்றும் ஒரே நீரில் நிற்கின்றன.

1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் வாவிக்கு அடியிலிருந்து எழும் இசையைக் கேட்டு எழுதிவைத்தார். பாடும் மீன் என்று இன்று எல்லோரும் சொல்லும் அந்த ஒலிக்குக் காரணம் ஊரிதான் என்று அன்றைய மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். ஊரி வாவியில் வாழும் ஒரு சின்ன நத்தை வகை. பாடுவது எது என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். ஊரியும் மட்டியும் இறாலும் நண்டும் நிறைந்த நீர்நிலை அது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதை நம்பி எரிகிறது. நத்தையைக் கொல்லவென்று செய்த நஞ்சு அந்த நீருக்குப் போனால் முதலில் தொடுவது நத்தையின் சொந்தக்காரர்களையும் இறாலின் குஞ்சுகளையும்தான்.

மெட்டல்டிஹைட் மண்ணோடு இறுகப் பிடிப்பதில்லை, நீரோடு போகும். இதைப் பிரித்தானியா செலவுசெய்து கற்றுக்கொண்டது. வயல்களில் தூவிய குருணையின் நஞ்சு மழைநீரோடு ஆறுகளுக்குப் போய்க் குடிநீர் நீர்த்தேக்கங்களில் சேர்ந்தது. ஒரு லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற ஐரோப்பிய வரம்பை அது அடிக்கடி தாண்டியது. வழக்கமான கரி வடிப்பால் அதை நன்றாக நீக்க முடியவில்லை. நாய்களும் காட்டுப் பறவைகளும் குருணையைத் தின்று இறந்த கணக்கும் சேர்ந்தது. 2022 மார்ச் இறுதியோடு வெளியிடங்களில் அதைப் பயன்படுத்துவது அங்கே தடைசெய்யப்பட்டது. மெதியோகார்ப் என்ற இன்னொரு நத்தை நஞ்சு, பறவைகளுக்கும் மண்புழுக்களுக்கும் ஆபத்தானது என்று ஐரோப்பாவில் 2014இலேயே விலக்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில்தான் எண்ணெய் உறைக்கு இரண்டாவது பயன் வருகிறது. கரையாத குருணை நத்தையின் வயிற்றுக்குப் போகிறது. கரைந்த குருணை கிணற்றுக்குப் போகிறது. ஒரு மழைக்குக் கரைந்துவிடும் என்பதற்காக மூன்று முறை தூவுகிறவர், நிலைத்து நிற்கும் இரையை ஒருமுறை வைப்பவரைவிட மூன்று மடங்கு நஞ்சை மண்ணுக்குக் கொடுக்கிறார். மழை தாங்கும் இரை நத்தைக்குக் கடுமையானது, நீருக்கு இரக்கமானது. ஆனால் அந்த இரையின் உள்ளே என்ன நஞ்சு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதற்கு இப்போதுள்ள நல்ல விடை இரும்புப் பொசுபேற்று. ஜேர்மனியில் உருவாகி 1990களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. மண்ணில் இயல்பாகவே உள்ள இரும்பும் பொசுபரசும்தான் அதன் கூறுகள். அதைத் தின்ற நத்தை சளி கக்கி அங்கேயே விழாது. குடலும் செரிமானச் சுரப்பியும் கெட்டு, தின்பதை நிறுத்தி, ஒளிவிடத்துக்குப் போய்ச் சில நாளில் சாகும். மழையில் மீண்டு எழும் வாய்ப்பும் குறைவு. காலையில் பிணங்கள் கண்ணில் படாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று தோட்டக்காரர் ஏமாறுகிறார். பிணத்தை எண்ணக் கூடாது. இலையில் புதிய கடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்லமாட்டேன். இரும்பு நத்தையின் உடலில் ஏற, சில தயாரிப்புகளில் சேர்க்கும் ஈடிடிஏ போன்ற பொருள் மண்புழுவுக்குக் கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவாக, இடம் பார்த்து வைக்க வேண்டியது எல்லாவற்றுக்கும் பொது.

கேரளத்தில் இந்த நத்தை பத்தனம்திட்டையின் கோன்னிப் பக்கம் தொடங்கிப் பல மாவட்டங்களில் பெருகியபோது பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு ஒரு எளிய வழியைச் சொல்லிக்கொடுத்தது. நனைத்த சாக்குக்குள் கோவா இலையும் பப்பாசி இலையும் வைத்து இரவில் போட்டால் நத்தைகள் வந்து அடையும். அவற்றின் மேல் புகையிலைக் கசாயமும் மயில்துத்தக் கரைசலும் கலந்து தெளிக்க வேண்டும்: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லீற்றர் நீரில் ஒரு லீற்றராகச் சுண்டக் காய்ச்சி, 60 கிராம் மயில்துத்தம் கரைத்த ஒரு லீற்றர் நீரோடு கலப்பது. சாக்குப்பொறி அருமையான யோசனை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தெளிப்பை வாவியோரத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். மயில்துத்தத்தில் உள்ள செப்பு, நீர்வாழ் நத்தைக்கும் இறால் இனத்துக்கும் மிகக் கொடிய நஞ்சு; மண்ணில் சேர்ந்தால் மறையாது. சாக்கில் அடைந்த நத்தையைக் கையுறை போட்டு எடுத்து, கடும் உப்புநீர் வாளியில் போட்டுக் கொன்று, வாவியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளிக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தால் தெளிப்புக்கே தேவையில்லை. உப்பை நேரடியாகப் பாத்தியில் தூவ வேண்டாம். நத்தைக்கு முன்னே மணல் கெடும்.

கையுறை பற்றிச் சொன்னது சம்பிரதாயத்துக்கல்ல. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளநிலை இந்த நத்தைக்குள் வளர்கிறது. அது மனித உடலுக்குள் போனால் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவிச் சமைப்பதும், பிள்ளைகள் நத்தையைப் பிடித்து விளையாடாமல் பார்ப்பதும் முக்கியம்.

இரை தூவும் முன் இன்னொரு கேள்வி உண்டு. தோட்டத்தில் ஊரும் எல்லா நத்தையும் ஆபிரிக்க நத்தையா? இலங்கையில் ஏறத்தாழ 250 வகை நில நத்தைகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஈரவலயக் காடுகளின் அக்காவுஸ் நத்தைகள் கொண்ட்வானா என்ற பண்டைப் பெருங்கண்டத்தின் காலத்து வமிசம். கிழக்கின் உலர்வலயத்தில் அவை இல்லை. ஆனால் இங்கும் உள்ளூர் நத்தைகள் உண்டு, பெரும்பாலானவை சருகும் பூசணமும் தின்று மண்ணுக்கு உரம் செய்பவை. குருணைக்கு எது உள்ளூர், எது வந்தேறி என்று தெரியாது. காணி முழுதும் வீசியடிப்பதற்கும் குறிபார்த்து வைப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது.

இயற்கை எதிரிகளை இறக்குமதி செய்து பார்த்தவர்களின் கதை எச்சரிக்கை. 1955இல் ஹவாய்க்கும், 1977இல் பசிபிக்கிலுள்ள மூரியாத் தீவுக்கும் நத்தை தின்னும் நத்தை ஒன்றைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆபிரிக்க நத்தை குறையவில்லை. அந்தத் தீவுகளுக்கே உரிய மரநத்தை இனங்கள் பல அழிந்தன. நம்மிடமோ எதிரிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இலங்கையின் பெரிய மின்மினி ஒன்றின் இளம்புழு ஆபிரிக்க நத்தையைத் தாக்கித் தின்பதை 1924இலேயே ஹட்சன், ஒஸ்டின் என்ற இருவர் இலங்கை விவசாயத் திணைக்களத்தின் வெளியீட்டில் விரிவாக எழுதினார்கள். 1950களில் அந்தப் புழுக்கள் இங்கிருந்து பசிபிக் தீவுகளுக்கு அனுப்பப்பட்டன. வேலியில் ஒளிந்து கூவும் செண்பகமும் நத்தை தின்னும். பூச்சிக்கொல்லி அடித்த தோட்டத்தில் மின்மினி இருக்காது. நஞ்சு தின்று முடங்கிக் கிடக்கும் நத்தையைச் செண்பகம் கொத்தினால் நஞ்சு அதற்கும் போகும்.

முழுமையாக ஒழிக்க முடியுமா? புளோரிடாவில் முடிந்திருக்கிறது. 1966இல் ஹவாய் போய்வந்த ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை மியாமிக்குக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழாண்டில் 18,000க்கு மேல் பிடிபட்டன. பத்து லட்சம் டொலருக்கு மேல் செலவழித்து 1975இல் ஒழித்தார்கள். 2011இல் மறுபடி தோன்றியது. மோப்ப நாய்களையும் இரைகளையும் வைத்துப் பத்தாண்டு பாடுபட்டு 2021இல் மீண்டும் ஒழித்தார்கள், 1,68,000க்கு மேற்பட்ட நத்தைகளைக் கையால் எடுத்து. அடுத்த ஆண்டே வேறொரு மாவட்டத்தில் வந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றிய நம் தீவில் ஒழிப்பு பற்றிப் பேசுவதில் பயனில்லை. பயிர் தப்பும் அளவுக்குக் குறைப்பது, அதை நீர் கெடாமல் செய்வது, இரண்டும் முடியும்.

அதற்கு என் யோசனை இது. இரையைத் தூவாதீர்கள். சிரட்டையின் விளிம்பில் நத்தை நுழையுமளவு ஒரு வாய் வெட்டி, கவிழ்த்து, மேலே கல் வைத்து, உள்ளே இரையை வையுங்கள். எண்ணெய் உறை பாதி மழையைத் தடுக்கும். சிரட்டை மீதியைத் தடுக்கும். கோழியும் நாயும் கிட்டாது. மீந்த இரையைக் காலையில் எடுத்துவிடலாம். தூவிய குருணையை எவராலும் எடுக்க முடியாது. பொழுதுபட்டதும் வையுங்கள், மதில் அடியிலும் வாழைத் தூரிலும் குப்பைமேட்டு ஓரத்திலும். முதல் மழைக்கு மறுநாளே தொடங்குங்கள், முட்டையிடுவதற்கு முன். எந்த இரையும் முட்டையைக் கொல்லாது. ஆகவே இரண்டு மூன்று கிழமை கழித்து, குஞ்சுகள் மேய வரும்போது இன்னொரு சுற்று வேண்டும். ஒழுங்கையின் ஒரு பக்கத்து வீடுகள் மட்டும் செய்தால் மறுபக்கத்திலிருந்து வந்து சேரும். விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு ஊரோடு ஒரே கிழமையில் செய்தால் பலன் பலமடங்கு.

இவை அனைத்திலும் செலவு குறைந்த வேலைக்கு இரையே தேவையில்லை, மழையும் தேவையில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் நத்தை வாயை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது: அடுக்கிய சீமெந்துக் கல்லின் இடுக்கில், கிடுகுக் குவியலின் அடியில், கிணற்றுக்கட்டின் நிழற்பக்கத்தில், வாழைச்சருகுக்குள், உடைந்த ஓட்டுக் குவியலில். ஓடாது, ஒளியாது. அந்த மாதங்களில் ஒரு மாலை வளவைச் சுற்றிவந்து கல்லையும் சருகையும் புரட்டி எடுக்கும் ஒவ்வொரு பெரிய நத்தையும் ஐப்பசியில் இடவிருந்த சில நூறு முட்டைகளோடு வாளிக்குப் போகிறது.